இன்ஜின் சத்தத்துக்குள் ஒரு ராக் பேண்ட்

போன வாரம் கீழ்புத்துப்பட்டில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. கடைக்காரர் பின்பக்கம் போய் டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பினார். அது இருமிவிட்டு ஓட ஆரம்பித்ததும் என் வலது கால் தானாகத் தாளம் போட்டது. புகை மூக்குக்கு வந்தது. அப்போதுதான் தோன்றியது, நாங்கள் மூன்று பேரும் இன்னொரு முறை சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று. தோன்றிய வேகத்தில் மற்ற இரண்டு பேருக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டேன். நான் அப்படித்தான். யோசனையெல்லாம் அனுப்பிய பிறகுதான் வரும்.

எங்கள் பேண்டை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பெயர் 'உவர்'. நான் கிடார், சசி டிரம்ஸ், ஜெனிபர் பாட்டு. பாட்டுகளை எழுதியதும் அவள்தான். ஆல்டர்நேடிவ் ராக் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். "ஆல்டர்நேடிவ்னா எதுக்குப்பா ஆல்டர்நேடிவ்?" என்று சசியின் மாமா கேட்ட பிறகு அப்படிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டோம்.

காலேஜ் நாட்களில் வகுப்பில் இருந்ததைவிட யூடியூபில் பழைய லைவ் ஷோக்களில் இருந்த நேரம்தான் அதிகம். எங்கோ ஒரு தேசத்தில், மழையில் நனைந்தபடி ஆயிரக்கணக்கானோர் கூடச் சேர்ந்து பாடுவார்கள். மரக்காணத்து வெயிலில் போன் சூடேற நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. எல்லா பேண்டின் கதையும் ஒரே கதைதான். கார் ஷெட்டில் ஆரம்பிப்பார்கள். முதல் ஆல்பத்தில் கோபம், அடுத்ததில் புகழ், அதற்கடுத்ததில் சண்டை. ஒருவர் தனியாகப் போவார். கடைசியில் எல்லோரும் தொப்பையோடு திரும்பி வந்து அதே கோபத்தைப் பாடுவார்கள். நாங்கள் இதில் காரையும் ஆல்பத்தையும் புகழையும் விட்டுவிட்டு மீதியில் பாதியைச் செய்து முடித்தோம்.

எங்களுக்குக் கிடைத்தது பம்ப் ஷெட். சசியின் மாமா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில், போரிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு அனுப்பும் ஆயில் இன்ஜின் அங்கே இருந்தது. சனிக்கிழமை காலையில் அது ஓடும்போதுதான் எங்கள் பிராக்டிஸ். அந்தக் காற்றில் கிடார் கம்பிகள் வாங்கிய வாரமே பழுப்பேறிவிடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பேன். விரலெல்லாம் எண்ணெயும் துருவும். இன்றைக்கும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது ஒரு கிடார் கார்டு பிடித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ட்யூனர் கிடையாது. இன்ஜின் எந்தச் சுருதியில் உறுமுகிறதோ அதுவே எங்கள் சுருதி. அது எந்த வேகத்தில் அடிக்கிறதோ அதுவே தாளம். சசி தன்னைப் பெரிய டிரம்மர் என்று நினைத்திருந்தான், நாங்களும் நம்பினோம்.

குயிலாப்பாளையத்தில் ஒரு கஃபேயின் பின்முற்றத்தில் முதல் ஷோ நடந்த சாயங்காலம் உண்மை தெரிந்தது. இன்ஜின் இல்லை. சசியின் கை ஓட ஆரம்பித்தது. நான் துரத்தினேன். ஜெனிபர் மூச்சு வாங்க எங்கள் இரண்டு பேரையும் துரத்தினாள். ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஜூஸ் வருவதற்குள் எங்களிடம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோயிற்று.

"டேய், இன்ஜின் இல்லாம கை நிக்க மாட்டேங்குதுடா" என்றான் சசி.

"அப்ப அதத் தூக்கிக்கினு வா. ஸ்டேஜ்ல நடுவுல வெச்சிடலாம்" என்றாள் ஜெனிபர்.

கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அடுத்த ஷோவுக்கு அவன் போனில் இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டோம். அன்றைக்கு நடந்ததை எப்படிச் சொல்வது? முற்றமே அதிர்ந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரர் வந்து, அடியில் ஓடியது என்ன சிந்தசைசர் என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். "ஆயில் இன்ஜின் சார், அஞ்சு எச்.பி." என்றான் சசி. அவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். பைக்கில் திரும்பும்போது, இதுதான் நம் வாழ்க்கை, இனிமேல் இதுதான் என்று நான் கத்திக்கொண்டே வந்தேன்.

ஜெனிபரின் அம்மா அதே உப்பளத்தில் உப்பு வாரிக் குவிக்கிறவர். இடைவேளையில் ஷெட்டு நிழலில் வந்து உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். இன்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாப்பிட்டபடி, எங்கள் பாட்டுக்குத் தலையாட்டுவார்.

"எப்டிம்மா இருக்குது?" என்று ஜெனிபர் கத்துவாள்.

"இன்ஜின் கத்துதா நீ கத்துறியான்னு தெர்லடி. நல்லா இருக்குது, பாடு."

எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஊரில் சொற்களை இன்ஜின் மறைத்தது. கஃபேயில் கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. யோசித்துப் பார்த்தால், எங்கள் பாட்டின் சொற்கள் சரியாக யார் காதிலும் விழுந்ததே இல்லை.

அடுத்த சீசனில் மாமா கரண்ட் மோட்டார் போட்டார். இன்ஜினைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். புது மோட்டார் தேனீ போல மெல்ல முனகியது, அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல வாசிக்க ஆரம்பித்தோம். சசி போனில் இருந்த பதிவை இயர்போனில் கேட்டுக்கொண்டே அடித்தான். அம்மா டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஜெனிபர் கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் பாடுகிற அந்தப் பாட்டையே பாடினாள்:

உன் கால் வெடிப்பில் ஊர் உப்பெல்லாம்
அந்தக் கால்களை எனக்குத் தந்துவிடாதே அம்மா
உன்னைப் போல் ஆகுமுன் ஓடிவிடுவேன்

அவள் கண்ணைத் திறந்தபோது அம்மா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவையை இழுத்து அவற்றை மூடிக்கொண்டார். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். இயர்போன் போட்டிருந்த சசி மட்டும் எதுவும் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

"அங்கயும் போயி இதத்தான் பாடுனியா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"அத்தினி பேர் முன்னால?"

ஜெனிபர் தலையாட்டினாள். "கொரலு நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாத டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு அம்மா வெயிலில் இறங்கிப் போனார். திட்டியிருந்தால் பேண்ட் பிழைத்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். திட்டு வாங்கிய கோபத்தில்தான் பேண்டுகள் நன்றாகப் பாடுகின்றன.

அதற்குப் பிறகு ஜெனிபர் பாடவில்லை. காலேஜ் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். பாட்டில் சொன்னபடி ஓடித்தான் போனாள். ஆனால் வாயை மூடிக்கொண்டு. சசி டிரம்ஸை விற்றுவிட்டு, கல்யாணங்களுக்கு டி.ஜே. பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். இன்ஜின் சத்தம் இருந்த போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்று. அந்தக் கஃபே இப்போது யோகா வகுப்பு. ஷெட் நின்ற இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகள் கிடக்கின்றன. எங்கள் பாட்டில் ஒன்றுகூட எங்கேயும் பதிவாகவில்லை. பெரிய பேண்டுகள் பிரிந்தால் சண்டைபோடப் பழைய பாட்டாவது மிஞ்சுகிறது. எங்களுக்கு அதுவும் இல்லை. நான் பாண்டியில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பார்த்த லைவ் ஷோக்களையே திரும்பப் பார்க்கிறேன். கூட்டம் சேர்ந்து பாடும் இடம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.

மெசேஜுக்கு சசி ஒரு சிரிக்கும் பொம்மை அனுப்பினான். ஜெனிபர் நேற்று சாயங்காலம் போன் செய்தாள்.

"அம்மா சரின்னா லீவு போட்டுட்டு வர்றேன். ஆனா அவங்க முன்னால உக்காந்து பாட்டக் கேக்கணும்டா."

"நீயே அவங்களக் கேளேன்."

"நான் கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க. எது கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. அதான் நான் கேக்கல. நீ போயி கேளு. மொகத்தப் பாத்து கேளு."

நாளை காலை அம்மா பாத்தியில் இறங்குவதற்கு முன்னால் போய்விட வேண்டும். கிடாரை எடுத்துப் போகப் போவதில்லை. வேண்டாம் என்றால் திரும்பிவிடுவேன், அது சுலபம். சரி என்று சொன்னால், சொல்லும்போது கால்களைப் புடவையால் மூடிக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும்.