ஒரு புள்ளியாவது

ஜெராக்ஸ் கடை முதலாளியின் சிடுசிடுப்பு போதும் போதுமென்றாகி என் அண்ணி வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தரலாம், மாதிரிக்கு ஒரு மனுவை நாளைக் காலைக்குள் அடித்துக் காட்டு என்று தெருமுனை வக்கீலம்மா சொல்லியிருந்தார். வீட்டில் இருந்ததோ ஒரு பழைய நெட்புக். டிபன் டப்பா அளவு, நினைவகம் ஒரே ஒரு ஜிபி. பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் அது இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்.

அண்ணி அசருகிற ஆளா? கிழட்டுக் கணினிக்கென்றே எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறதாம். பென் டிரைவில் இறக்கி, பழையதை வழித்துத் துடைத்துவிட்டு அதை ஏற்றினாள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் திரை வந்துவிட்டது. நாங்கள் குதித்த குதியில் பாலை மறந்து, அது வழிந்தது வேறு கதை.

அவள் கணவன், அதாவது என் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். ஊரே இடிந்தாலும் செய்தித்தாளை விட்டு முகம் வெளியே வராது. இன்னும் கொஞ்சம் மெமரி போட்டால் இது பறக்கும் என்று அண்ணி ஒரு மாதமாகவே அந்தத் தாளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தமிழ்த் தட்டச்சை ஏற்றக் கட்டளை கொடுத்தபோது வந்தது வினை. கறுப்புத் திரை பாஸ்வேர்டு கேட்டது. அண்ணி அடிக்கிறாள், ஒன்றுமே விழவில்லை. மற்ற இடங்களில் எழுத்துக்கு ஒரு புள்ளியாவது விழும். இங்கே அதுவும் இல்லையே என்று பாதியிலேயே நிறுத்திவிடுவாள். அணைத்துப் போட்டாலும் அதே கதை. தூசியாக இருக்கும் என்று நான் பெரிய மேதாவிபோலச் சொல்ல, ஒரு பல் பிரஷ்ஷால் விசைகளைச் சுரண்டினோம். அது அண்ணனுடைய பிரஷ் என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி அந்தக் கடை வாசலில் போய் நிற்க வேண்டுமா என்று தாளைப் பார்த்துக் கேட்டாள். தாள் மடிந்தது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆத்திரத்தில் அண்ணி பாஸ்வேர்டை முழுசாக அடித்து என்டரில் ஓங்கிக் குத்தினாள். திரையில் வரி வரியாகக் கொட்ட ஆரம்பித்தது! அடப்பாவி, காட்டிக்கொள்ளாமலே அத்தனையையும் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அண்ணி என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் உட்கார்ந்து அடித்தாள். மனு பாதி வந்தது. ஒரு சொல்லைத் தேட இணையத்தைத் திறந்தாள், நெட்புக்குக்கு மூச்சு முட்டி நின்றுவிட்டது. நல்லவேளை, அடித்ததைச் சேமித்திருந்தாள்.

அப்போதுதான் அண்ணன் திரும்பி வந்தான். சட்டைப்பையிலிருந்து சின்னப் பட்டை ஒன்றை எடுத்தான். நெட்புக்கை அணைத்து, ஸ்குரூ டிரைவரால் அதன் முதுகைத் திறந்து மாட்டினான்.

"ரெண்டு ஜிபி மெமரி. போன வாரமே கடையில சொல்லி வெச்சேன், இன்னைக்குத்தான் வந்துச்சு."

அண்ணி அவனையே பார்த்தாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா? ஒரு புள்ளியாவது காட்டக் கூடாதா?"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. காலையில் மனு போனது, வேலையும் வந்தது. இப்போதெல்லாம் அண்ணி தட்டச்சு செய்துகொண்டே ஏதாவது சொன்னால், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வருகிறது.

"புள்ளி."