லிஃப்ட்காரர் போட்ட மார்க்

லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு படம் பார்ப்பார். மாலை ஆறு மணிக்குக் குடும்பத்து வாட்ஸப் குழுவில் மார்க் வந்து விழும். பத்துக்கு எத்தனை என்று ஓர் எண், கூடவே ஒன்றிரண்டு வரி. அந்த மார்க்கை நம்பிப் படம் பார்த்த எவரும் மறுமுறை நம்பியதில்லை.

முதலில் ஏமாந்தவர் மாமா, லிஃப்ட்காரர் மனைவியின் தம்பி. மலைப்பாதையில் ஒரு தபால்காரர் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நடக்கும் படம் ஒன்றுக்கு ஒன்பதரை விழுந்திருந்தது. ‘சத்தமே இல்ல. அருமை’ என்று குறிப்பு வேறு. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த மாமா, புதுச் சம்பந்தி வீட்டாரை வரவழைத்து, வரிசையாக நாற்காலி போட்டு அந்தப் படத்தை ஓட்டினார். இரண்டே முக்கால் மணி நேரம் தபால்காரர் நடந்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் மாமா நேரில் வந்துவிட்டார்.

“என்ன அத்தான், மானத்த வாங்கிட்டீங்களே! அந்த ஆளு கடிதத்தக் குடுக்கறதுக்குள்ள எங்க சம்பந்தி கொறட்டை விட ஆரம்பிச்சுட்டாரு.”

லிஃப்ட்காரர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். “கொறட்டையா? எத்தனாவது நிமிஷத்துல?”

வீடே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

ஊரே கொண்டாடிய படத்துக்கு ஒன்றரை போடுவார். ‘பத்து நிமிஷத்துக்கு ஒரு வெடி. மனுஷன நிம்மதியா இருக்க விட மாட்டானா?’ அதைப் பார்த்துவிட்டு அவருடைய மகன் வேறு ஊரிலிருந்து எழுதுவான்: ‘அப்பா ஒன்பது போட்டா ஓடிடு. ரெண்டு போட்டா உடனே டிக்கெட் எடு.’ மாமா அதற்கு ஆறு கைதட்டல் போடுவார். லிஃப்ட்காரர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மகளும் சும்மா இருக்கவில்லை. எடைத் தராசு, அழுத்தமானி, வெப்பமானி இவையெல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை. ‘அப்பா மீட்டர் தலைகீழா ஓடுது. கழட்டி பார்சல்ல அனுப்புங்க, சரி பண்ணித் தர்றேன்’ என்று எழுதினாள். அதற்கும் கட்டைவிரல்தான்.

லிஃப்ட் பழுது பார்த்தே முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவர் அவர். மொட்டைமாடி மோட்டார் அறையில் சுவரில் காதை வைத்து எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் உடனே கையெழுத்துப் போட மாட்டார். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரை லிஃப்டின் தரையில் வைத்து, உச்சி மாடிக்கு ஒரு முறை, தரைத்தளத்துக்கு ஒரு முறை போய் வருவார். ஒரு சொட்டுத் தளும்பினாலும் மறுபடி மேலே ஏறிவிடுவார். “லிஃப்ட் நின்னது ஏறினவனுக்குத் தெரியக் கூடாது. கதவு திறந்தாத்தான் தெரியணும்” என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட்காரர் என்ற பெயரே நிலைத்தது.

ஒரு புதன்கிழமை காலை மருந்துக்கடை வரிசையில் நின்றபடியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு ஏழு போட்டிருந்தார்.

மகள் ஐந்து வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். காரியங்கள் ஓய்ந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனபின்தான் அம்மாவைச் சரியாகப் பார்த்தாள். அம்மா தூங்கவே இல்லை.

அது புது வியாதி இல்லை. ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்து கட்டிவைக்கும் பிரிவில் அம்மா இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். ஓய்வு பெற்ற நேரத்தில் எப்போது தூங்குவது என்பதே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தலைசுற்றலைக் கொடுத்தது. குளியலறையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள், அதோடு மாத்திரையைத் தொடவில்லை. இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. மாத்திரை இல்லாமல் இந்த ஆறு வருடத்தை அம்மா எப்படி ஓட்டினாள் என்று மகள் கேட்டதே இல்லை.

இப்போது அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்காகப் பற்றவைத்தோம் என்று தெரியாமல் நின்றாள். கை நடுங்கியது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். “மாத்திரை போடணும், இல்ல கூடவே ஒரு ஆள் இருக்கணும். இப்படியே தனியா விட்டுட்டுப் போனீங்கன்னா மறுபடியும் விழுவாங்க.”

“என்கூட வந்துடும்மா” என்றாள் மகள்.

“நீ காலையில போயிட்டு ராத்திரி வருவ. அங்க நான் சுவரப் பாத்துட்டு உக்காரணுமா? இங்க எனக்குத் தெரிஞ்ச சுவரு.”

மகளுக்கு விடுப்பு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் அம்மாவுக்குத் தூக்கம் வந்தாக வேண்டும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அம்மா தானாகவே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். “படம் எதுவும் போடலையா?”

மகளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவைப் படத்தைப் போட்டாள். அம்மா கடைசி வரை கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் “நல்ல படம்” என்றாள், விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதைப் போல. தண்ணீர் குடிக்கும்போது கை முன்னைவிட அதிகமாக நடுங்கியது.

அம்மாவுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும்? யாரைக் கேட்பது? செவ்வாய்க்கிழமை காலை, கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பா குழுவில் போட்ட மார்க்குகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அட்டவணையாக்கினாள். துக்கத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருநூற்று எண்பத்தொன்பது படங்கள். முதல் பத்தியில் படம், இரண்டாவதில் மார்க், மூன்றாவதில் குறிப்பு.

‘ஏழு. பாட்டெல்லாம் மெதுவா. கடைசியில வில்லன் கத்திட்டான்.’

‘மூணு. போலீஸ் சைரன்.’

‘எட்டு. ஹீரோ நல்ல பையன். படம் பூரா குரல உயர்த்தவே இல்ல.’

‘எட்டேகால். ஒன்பது போட்டிருக்கணும். முக்கால் மார்க் போனதுல படத்து மேல தப்பில்ல, பக்கத்து வீட்ல ட்ரில் போட்டான்.’

அங்கே அவள் கை நின்றது. பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்தால் படத்துக்கு ஏன் மார்க் குறைய வேண்டும்?

மேலே போய் மறுபடி முதலிலிருந்து படித்தாள். கதை நன்றாக இருந்தது என்று ஓர் இடத்திலும் இல்லை. நடிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாம் சத்தம், சத்தமின்மை, எத்தனாவது நிமிடம். அவளுடைய கூடத்தில் எந்தக் கருவி வந்தாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ‘அளக்கப்படுவது எது?’ என்பதுதான் அதில் முதல் கேள்வி. அதை நிரப்பாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டார்கள். அப்பாவின் மீட்டருக்கு அவள் அதை நிரப்பவே இல்லை. பழுது என்று மட்டும் எழுதிவிட்டாள்.

மாமாவைக் கூப்பிட்டாள். அவர் தன் ஜெராக்ஸ் கடையில் இருந்தார். இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“மாமா, அந்தத் தபால்காரர் படம் போட்டீங்களே, உங்க சம்பந்தி எத்தனாவது நிமிஷத்துல தூங்கினாரு?”

“ஏம்மா, நீயும் கிளம்பிட்டியா? உங்கப்பாவும் இதையேதான் கேட்டாரு.”

“சொல்லுங்களேன்.”

“இருபது நிமிஷம் இருக்கும். ஏன்?” பிறகு அவரே நிறுத்தினார். இயந்திரத்தின் சத்தமும் நின்றது. “அக்காவுக்காகவா?”

“ஆமா மாமா.”

“அடக் கடவுளே! அந்த மனுஷன எப்படியெல்லாம் ஓட்டினேன். ஒரு நாளாவது வாயத் திறந்தாரா பாரு.”

வாயைத் திறக்காததற்குக் காரணம் அவளுக்கு இப்போது புரிந்தது. ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது “கொஞ்சம் தூங்கேம்மா” என்று அம்மாவை அவள் நச்சரித்தாள். அப்பா பால்கனிக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: “தூங்குன்னு சொல்லாத. சொன்னா அவளுக்கு வராது.” குழுவில் அம்மாவும் இருந்தாள். வேறு எப்படி எழுதுவார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மகள் ஜன்னல்களைச் சாத்தினாள். இரண்டு போனையும் ஊமையாக்கினாள். அழைப்பு மணியின் இணைப்பை எடுத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். மர வேலை செய்பவர், வாரம் முழுக்க வீட்டிலேயே எதையாவது அறுத்துக்கொண்டும் துளைத்துக்கொண்டும் இருப்பவர்.

“சார், ஒரு சின்ன உதவி. கொஞ்ச நேரம் மட்டும் ட்ரில் போடாம…”

“ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும்தானே? நாலஞ்சு வருஷமா நான் அந்த நேரத்துல மிஷினத் தொடறதே இல்லம்மா. உங்கப்பாவோட ஆர்டர். லிஃப்ட்ல எப்பப் பாத்தாலும் ஞாபகப்படுத்துவாரு.” அவர் கொஞ்சம் தயங்கினார். “அவரு இல்லன்னதும் ஒரு நாள் எடுத்தேன். என்னமோ மனசு ஒப்பல. வச்சுட்டேன்.”

அவரைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டு வந்தாள்.

தபால்காரர் நடக்கத் தொடங்கினார். மகள் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தாள், ஆனால் பார்ப்பது தெரியாதபடி. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். தபால்காரர் ஒரு பாலத்தைக் கடந்தார். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள். பதினெட்டாவது நிமிடத்தில் மகளுக்கு நம்பிக்கை போய்விட்டது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் அம்மாவின் தலை சோபாவின் கைப்பிடிப் பக்கம் சாய்ந்தது. தடவிக்கொண்டிருந்த கை மடியில் விழுந்தது. நடுங்கவில்லை.

இனி ஒரே ஒரு பயம். படம் முடிந்ததும் வரும் திடீர் நிசப்தம் எழுப்பிவிடும். இதற்கு அப்பா என்ன செய்திருப்பார்? ரிமோட்டைக் கையில் எடுத்தாள். மற்ற எல்லாப் பொத்தான்களிலும் எழுத்து அப்படியே இருந்தது. ஒலியைக் குறைக்கும் பொத்தானில் மட்டும் கோடு முழுவதும் தேய்ந்து ரப்பர் வழவழப்பாகி இருந்தது. கூட்டும் பொத்தான் புதிதுபோல இருந்தது.

கடைசிப் பத்து நிமிடம் தொடங்கியதும் நிமிடத்துக்கு ஒரு படி குறைத்தாள். எழுத்துகள் ஓடி முடிந்து திரை இருண்டபோது குறைக்க எதுவும் மிச்சமில்லை. அம்மாவின் மூச்சு மாறவே இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டது. தம்ளரில் ஒரு சொட்டுத் தளும்பவில்லை.

தேய்ந்த பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடி மகள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த நான்கு வாரத்தில் அவள் அழுத அழுகை எல்லாம் வேறு. இது வேறு.

ஐந்தே காலுக்கு அம்மா கண் விழித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “முடிஞ்சிடுச்சா? கடிதத்தக் குடுத்தாரா?”

மகள் கடைசிக் காட்சியைப் பார்த்திருந்தால்தானே. “குடுத்துட்டாரும்மா.”

“யாருக்கு?”

“அது… அவரோட தங்கச்சிக்கு.”

அம்மா சிரித்தாள். அப்பா போனபிறகு இதுதான் முதல் சிரிப்பு. “உங்கப்பா ஒரு தடவ பழைய வாத்தியாருக்குன்னாரு. இன்னொரு தடவ அந்தப் பாலத்துக்காரன் பொண்டாட்டிக்குன்னாரு. இப்ப நீ தங்கச்சிய இழுத்துட்டு வர்ற.”

“உனக்குத் தெரியுமா?”

“ஞாயித்துக்கிழமை ஒரு படத்தப் போடுவாரு. அது சரியா அமைஞ்சா அந்த வாரம் பூரா மத்தியானத்துல அதேதான் ஓடும். ‘விட்டுப்போனதப் பாக்கலாம்’பாரு. படத்தப் பாக்காம என்னையே பாத்துட்டு உக்காந்தா கதை எப்படித் தெரியும்? அவரா கட்டி விடுவாரு. முந்தாநாள் சொன்ன முடிவு அவருக்கே ஞாபகம் இருக்காது.”

“அப்புறம் ஏம்மா ஒண்ணும் சொல்லல?”

“சொன்னா கதைய நிறுத்திடுவாரே!” அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். “அவரும் சொல்லிக்கல, நானும் சொல்லிக்கல. அதான் தூக்கம் வந்துச்சு.”

பிறகு மகள் கணினியில் இருந்த அட்டவணையைக் காட்டினாள். எட்டும் அதற்கு மேலும் வாங்கியவை அறுபத்து மூன்று படங்கள். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, எங்கே வெடி, எங்கே கத்தல் என்று குறித்து, தேறியதை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படித்தாள். ட்ரில் வரியில் விரல் கொஞ்சம் நின்றது.

ஆறு மணிக்கு மகள் குழுவில் எழுதினாள்: ‘ஒன்பதே முக்கால். இருபத்திரண்டாவது நிமிஷத்துல இருந்து கடைசி வரைக்கும். பக்கத்து வீட்டுக்கு நன்றி.’

உடனே மாமா வந்தார். ‘மத்தியானம் எப்படியும் கடையச் சாத்தறேன். அடுத்த வாரத்துல இருந்து நான் வந்து ஓட்டறேன். படத்த நானே செலக்ட் பண்றேன்.’

‘வேணாம்!’ என்று மகன் எழுதினான். ‘லிஸ்ட்ல இருக்கறத மட்டும் போடுங்க மாமா.’

‘சரிப்பா, லிஸ்டே. ஆமா, பத்துக்குப் பத்து போட வேண்டியதுதானே? அந்தக் கால் மார்க் எங்க போச்சு?’

மகள் பதில் எழுதப் போனாள். அம்மா போனைத் தன் பக்கம் வாங்கி, ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினாள்.

‘முடிவு சரியா சொல்லல. அவரு நல்லா சொல்வாரு.’

அதற்கு முதலில் வந்தது மகனின் உயர்த்திய கட்டைவிரல். அடுத்தது மாமாவுடையது.