அக்கா தட்டிய ஒற்றைப் பந்து

ஈரச் சீமெந்தின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், என் காதில் ஒரு "பளார்" கேட்கும். கண்டியில் பின்னேர மழை பெய்து ஓய்ந்ததும், எங்கள் பாடசாலை பாஸ்கட்போல் திடலில் பிள்ளைகள் சாக்குகளைப் போட்டு இழுத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, தரை முழுதாகக் காயும் முன்பே ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஈரத்தில் வழுக்காமல் ஓடிவந்து எதிரணிப் பிள்ளை ஒருத்தி வளையத்தை நோக்கிப் பந்தை உயர்த்தும் நேரம், எங்கிருந்தோ ஒரு நீண்ட கை மேலே போகும், உள்ளங்கை பந்தில் படும், பந்து வந்த வழியே திரும்பிப் பறக்கும். அந்தக் கை என் அக்காவுடையது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

எங்கள் திடல் மலைச்சரிவை வெட்டி எடுத்த இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் வகுப்பறைகள், மறுபக்கம் இடுப்பளவு மதில், மதிலுக்கு அப்பால் ஒரு ஜம்பு மரம், அதற்கும் கீழே படிகள், படிகளுக்குக் கீழே வாவியை நோக்கி இறங்கும் வீதி. அக்கா ஓங்கித் தட்டினால் பந்து மதிலைத் தாண்டி, ஜம்பு மரத்தில் மோதி, படிப்படியாகக் குதித்து வீதிக்குப் போய்விடும். கீழே நிற்கும் ஓட்டோக்காரர்கள் யாராவது காலால் அதை மறித்து வைத்திருப்பார்கள். பந்து மேலே வந்துசேரும் வரை ஆட்டம் நிற்கும், பார்த்திருப்பவர்களோ நிறுத்தாமல் கூச்சல் போடுவார்கள். சட்டப்படி பந்து வெளியே போனால் அது மறுபடியும் எதிரணியின் பந்துதான். ஆனால் அந்தக் கூச்சலில் சட்டம் யாருக்கு வேண்டும்?

அக்காவின் பெயர் கௌசல்யா. வீட்டில் "கௌசி", வீதியில் "லைட் போஸ்ட்". பதினாறு வயதில் அப்பாவை விட உயரமாகிவிட்டாள். திரைச்சீலை மாட்ட எங்கள் வீட்டில் கதிரை தேவைப்படவில்லை. அம்மா இதைப் பெருமையாகவும் சொல்லுவார், பெருமூச்சோடும் சொல்லுவார், எந்த நேரம் எது வரும் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் அகில இலங்கைப் பாடசாலை அணிக்கு ஆள் தெரிவு செய்யும் பயிற்சி முகாமுக்கு அக்காவை அனுப்பும்படி கேட்டு, எங்கள் கோச் மிஸ் நேராக அப்பாவின் கடைக்கே வந்தார். கொழும்பில் விடுதியில் தங்க வேண்டும், வாரக்கணக்கில் படிப்பு கெடும். அப்பா மிஸ்ஸுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, மாகாண இறுதியாட்டம் முடிந்ததும் பதில் சொல்வதாக அனுப்பிவிட்டார். இரவுச் சாப்பாட்டில் அக்காவைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "உண்மையிலேயே நீ கெட்டிக்காரின்னா அனுப்புறேன். சும்மா ஒசரத்துக்காகக் கூப்பிடுறாங்கன்னா வேணாம். ஒசரமா இருக்கிறதுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்ல."

 அன்று அக்கா சோற்றை அளைந்துகொண்டிருந்த விதத்திலேயே, அந்த முகாமை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அக்கா விளையாடி அப்பா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்களுடையது சப்பாத்துக் கடை. ஆட்டங்கள் நடக்கும் அதே பின்னேரத்தில்தான் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த சனம், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் ஸ்கூல் சப்பாத்து வாங்க அவசரப்படும். அந்த நேரம் கடையை விட்டுப் போக அப்பாவுக்கு மனம் வராது. ஆகவே சொந்த மகளின் கெட்டிக்காரத்தனத்தை அவர் மற்றவர்கள் வாயால்தான் கேட்டறிந்தார். மற்றவர்கள் என்றால் இரண்டு பேர்.

ஒருவர் பக்கத்துக் கடையில் மணிக்கூடு திருத்தும் நசீர் நானா. மணிக்கூட்டுக்குள் எந்நேரமும் கண்ணை வைத்திருப்பவருக்கு, மெச் தொடங்கும் நேரம் மட்டும் தவறாமல் தெரிந்துவிடும். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓடிவிடுவார். மற்றவர் பாங்கில் வேலை செய்த பரமேஸ்வரன் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, எங்கள் பாடசாலைக்கு மேலே ஒரு போர்டிங்கில் அறை எடுத்திருந்தார். அறை ஜன்னலைத் திறந்தால் திடல். பாங்க் மூடியதும் அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. மெச் முடிந்ததும் இருவரும் எங்கள் கடைக்கு வந்து, சப்பாத்துப் போட்டுப் பார்க்கும் நீள மர வாங்கில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த வாங்கில்தான் என் அக்காவின் வழக்கு நடந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிற சாட்டில் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"எங்கட புள்ள தட்டினா பந்து குளத்துலதான் ஈக்கும், முதலாளி!" என்று நானா தொடங்குவார். கையை வீசிக் காட்டும்போது சப்பாத்துப் பெட்டி ஒன்றாவது கீழே விழும்.

பரமேஸ்வரன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லுவார்: "நானா, பந்து குளத்துக்குப் போனா ஆருக்கு லாபம்? திருப்பியும் அவைக்குத்தானே பந்து. உயரம் கடவுள் குடுத்தது, விளையாட்டு தான் பழக வேண்டியது. உள்ளுக்க தட்டி, தன்ர ஆளிட்டக் குடுக்கிறதுதான் கெட்டித்தனம். வெளியில அடிக்கிறது வாணவேடிக்கை."

எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்பதும் உறைத்தது, அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. அப்பாவோ இந்த வாதங்களில் வாயே திறக்க மாட்டார். தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் காலில் சப்பாத்தை மாட்டி, நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, "கொஞ்சம் வளர எடம் இருக்கு, சரியா இருக்கும்" என்று தாய்க்குச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் காது மட்டும் வாங்குப் பக்கம் இருக்கும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பரமேஸ்வரன் சேர் சொன்னதை அக்காவிடமே போட்டு உடைத்தேன். அழுவாள், அல்லது அவரைத் திட்டுவாள் என்று பார்த்தால், அவள் சிரித்தாள். "அவரு சொல்றது சரிதான்டி. ஆனா எங்க டீம்ல மாத்தி விட ஆளில்லையே. எல்லாருக்கும் மூச்சு வாங்குது. பந்து கீழ உருண்டு போய் ஏறி வர்ற வரைக்கும் புள்ளைங்க கொஞ்சம் நிக்கலாம். அதுக்குத்தான் வெளிய அடிக்கிறேன். களைப்பில்லாத நேரம் உள்ளதான் தட்டுறேன், அத ஒருத்தரும் பாக்கிறதில்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே வாணவேடிக்கை என்று பார்த்தது, என் அக்கா தன் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்த ஓய்வு! இதைக் கேட்டால் சேர் வாயடைத்துப் போவார் என்று நினைத்து, மறுநாளே வாங்குக்கு முன்னால் போய் நின்று முழங்கினேன். நானா கைதட்டினார். பரமேஸ்வரன் சேர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அமைதியாக, "கெட்டித்தனம்தான், ஓம். ஆனா அப்ப அது மலையின்ர கெட்டித்தனமும்தானே? கொழும்பில மலை இல்லை. இறுதியாட்டமும் உள்ளரங்கிலதான். அங்க என்ன செய்வா, பாப்பம்" என்றார்.

அப்பாவின் பெருவிரல் ஒரு பிள்ளையின் சப்பாத்து நுனியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கேள்வி அவருக்குள் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நன்மை செய்யப் போய் வழக்கை நானே கெடுத்துவிட்டேனோ என்று அன்றிரவு வெகுநேரம் புரண்டுகொண்டிருந்தேன்.

இறுதியாட்டம் பல்லேகலைப் பக்கம் ஓர் உள்ளரங்கில் நடந்தது. அன்று பின்னேரம் அப்பா ஷட்டரை இழுத்துப் பூட்டியதைப் பார்த்து, எதிர்க் கடைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்து விசாரித்தார். நசீர் நானாவின் வேனில் அப்பா, நான், பரமேஸ்வரன் சேர் எல்லோருமாகப் போனோம். பளபளக்கும் மரத்தரை, நான்கு பக்கமும் சுவர், மேலே கூரை. மதிலும் இல்லை, ஜம்பு மரமும் இல்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எதிரணியின் கெட்டிக்காரி ஒருத்தி எல்லோரையும் வெட்டிக்கொண்டு வளையத்தடிக்கு வந்து எழும்பினாள். அக்காவும் எழும்பினாள். ஆனால் "பளார்" கேட்கவில்லை. விரல் நுனியால் பந்தை மெல்லத் தள்ளி, தன் அணிப் பிள்ளையின் கையில் விழ வைத்தாள். எங்கள் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு ஓடி அந்தப் பக்கம் கூடையில் போட்டுவிட்டார்கள். நானா எழும்பி ஆடினார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் வரும், இன்னும் வரும் என்று காத்திருந்தோம்.

வரவில்லை. அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரை அக்கா ஒரு பந்தைக்கூடத் தட்டவில்லை. வளையத்துக்குக் கீழே கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தாள், அவ்வளவுதான். எதிரணிப் பிள்ளைகள் தூரத்தில் நின்றே எறிந்தார்கள், எறிந்தவை பெரும்பாலும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. நானாவின் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசி நிமிடத்தில் ஒரு சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததுபோல எங்கிருந்தோ எறிந்த பந்து உள்ளே போய்விட்டது. நாங்கள் தோற்றுப்போனோம்.

அக்கா டீமோடு பஸ்ஸில் போய்விட்டாள். நாங்கள் நானாவின் வேனில் திரும்பினோம். மகாவலிப் பாலம் வந்ததும் பரமேஸ்வரன் சேர் தொண்டையைச் செருமினார்.

"நான் சொன்னனான்தானே, முதலாளி. குறை நினைக்காதேங்கோ. முழு மெச்சிலயும் ஒண்டு. ஒரேயொரு புளொக்."

அப்பா ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். அந்த மாதக்கணக்கான வழக்கில் அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"சேர், உங்க பாங்க் வாசல்ல துவக்கு வச்சுக்கிட்டு ஒருத்தரு நிக்கிறாரே, அவரு இதுவரைக்கும் எத்தன கள்ளன சுட்டிருக்காரு?"

சேர் திகைத்துப்போனார். "ஒருத்தரையும் இல்லை. ஏன் கேக்கிறியள்?"

"அப்ப என்னத்துக்கு அவருக்குச் சம்பளம் குடுக்கிறீங்க?" அப்பா அதோடு நிறுத்தவில்லை. "அந்தக் கெட்டிக்காரப் புள்ள மொதல்ல உள்ள வந்திச்சு. எங்க புள்ள ஒன்ன தட்டினா. அதுக்குப் பொறகு ஒருத்தியாவது அந்தப் பக்கம் வந்தாளா? நான் பந்தப் பாக்கல சேர், எனக்கு பந்து வெளாட்டு தெரியாது. நான் மத்தப் புள்ளைங்க காலத்தான் பார்த்தேன். எல்லா காலும் கிட்ட வந்து வந்து திரும்பிடுச்சு. தட்டாமலே தடுத்தா சேர், எங்க கௌசி."

நசீர் நானா வேனை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பரமேஸ்வரன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் அழுதுகொண்டிருந்தேன். தோற்றதற்கு அல்ல.

அன்று வீட்டுக்குப் போகாமல் அப்பா கடையைத் திறந்து வைத்து, அக்காவை அங்கேயே வரச் சொன்னார். கண் சிவந்து வந்தவளிடம் மெச்சைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "கொழும்புத் தரையும் இப்பிடித்தான் வழுக்குமாம். மேல் தட்டுல ஒரு வெள்ளச் சோடி இருக்கு, எடுத்துக்கோ. உனக்குத்தான் எட்டும்" என்றார்.  அக்கா கையை உயர்த்திப் பெட்டியை எடுத்தாள். வாங்கில் உட்கார வைத்து அப்பாவே மாட்டிவிட்டு, நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

அக்கா அந்த முகாமுக்குப் போனாள், அணிக்கும் தெரிவானாள். அங்கே அவளிலும் உயரமானவர்கள் இருந்தார்கள், பாதி நேரம் வாங்கில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பரமேஸ்வரன் சேர் சொல்லிவிடுவார். இன்று அவள் பிலிமத்தலாவையில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. அவள் உண்மையில் எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னிடம் யாராவது கேட்டால், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு இந்தக் கதையைத்தான் தொடங்குவேன்.

போன மாதம் அந்தத் திடலுக்குப் போயிருந்தேன். மதிலுக்கு மேலே உயரமாகக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். ஜம்பு மரம் இல்லை. எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் இனிப் பந்து வீதிக்கு இறங்காது, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க இடைவெளியும் கிடைக்காது. எங்கள் கடையில் இப்போது கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள், அந்த வாங்கு எங்கே போனதோ தெரியாது. நசீர் நானா மவுத்தாகிச் சில வருடங்களாகின்றன. பரமேஸ்வரன் சேர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்.

ஆனால் வழக்கு மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு பெரஹராத் திருவிழாக் காலத்திலும் ஊர்ப் புதினம் கேட்க அவர் அப்பாவுக்கு அழைப்பெடுப்பார். அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துத்தான் பேசுவார். மழை, விலைவாசி, முழங்கால் வலி எல்லாம் முடிந்ததும் அந்தப் பக்கமிருந்து கண்ணாடி துடைக்கிற குரல் வரும்: "என்ன இருந்தாலும் முதலாளி, அண்டைக்கு உங்கட பிள்ளை ஒண்டுதானே தட்டினவ?"

 அப்பா சாய்வுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, குசினியில் நிற்கும் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திக்கொள்வார்.

"ஆமாங்க சேர். ஒன்னே ஒன்னுதான்!"