ஒவ்வொருவராகக் கடக்கும் சரிவு

இத்தாலியின் பலேர்மோவில் எலுமிச்சை காய்த்துக் குலுங்கும் தை மாதத்தில், நான் தட்டி அடுக்கிய சோபா மெத்தைகளுக்குள் வீட்டு எசமானி சிஞ்ஞோரா ஒரு சின்னக் கருவியை ஒளித்து வைத்தார். பதினெட்டு வயதான என் மகள் டிலானி இன்னொரு கருவியைக் கையில் பிடித்து, அதன் 'பீப்' சத்தம் காட்டிய வழியில் முழங்காலில் ஊர்ந்து தேடினாள். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் மற்றவர் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். கண்டுபிடித்ததும் இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். நான் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு கதவருகே நின்றேன்.

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் டிலானி அங்கேதான் வருவாள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் பிள்ளைகள் இல்லாத சிஞ்ஞோராதான். அதற்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். பொறாமைப்பட்டதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அன்று, பனி மூடிய எட்னா மலையில் ஏற அவளைக் கூட்டிப் போக வேண்டாம் என்று கேட்கத்தான் வாய் திறந்தேன். என் அரைகுறை இத்தாலியனில் "நோன் லஷாரே மியா ஃபில்யா" என்றேன். நம் 'விடாதேங்கோ' போலவே அந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள். போக விடாதீர்கள் என்று நான் சொன்னது, கைவிடாதீர்கள் என்று அவருக்கு விளங்கியது. நெஞ்சில் கை வைத்து, ஒருபோதும் மாட்டேன் என்றார். அதற்குமேல் எப்படி மறுப்பது?

சனிக்கிழமை மலை வெயிலில் எடுத்த படங்கள் போனில் வந்தன. ஞாயிறு பூசை முடிந்து ஒரேத்தோ தெருவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும்போது மழை கொட்டியது. மலையில் பனிப்புயல் என்றது செய்தி. இருவரின் போனும் வேலை செய்யவில்லை. போர்க்காலத்தில், ஊரில், மன்னாரில் ஷெல்லடிக்குள் ஓடிய நாட்களில் அம்மா எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: கையை விடக்கூடாது. வீட்டார் ஐந்து பேரும் கைகோத்துத்தான் ஓடினோம். இருந்தாலும் செத்தாலும் சேர்ந்து. எனக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

பின்னேரம் டிலானி அழைத்தாள். காற்று சரிவுகளில் பனியைக் குவித்திருந்ததாம். காலடியில் 'வும்' என்ற சத்தத்தோடு பனியில் வெடிப்பு ஓடியதும், சரியப்போகிறது என்று சிஞ்ஞோரா உடனே திரும்பச் சொன்னாராம். செங்குத்தான இடங்களைத் தவிர்த்து மரங்களுக்குள் இறங்கியிருக்கிறார்கள். ஒரேயொரு வெட்டவெளிச் சரிவை மட்டும் கடக்க வேண்டியிருந்தது.

"கையைப் பிடிச்சுக்கொண்டுதானே வந்தனீங்கள்?"

"இல்லையம்மா. சேர்ந்து போனா ரெண்டு பேரும் புதைஞ்சிடுவம். ஒராள் கடக்கேக்க மற்றாள் பாத்துக்கொண்டு நிக்கோணும். முதல் அவ போனா. பிறகு நான்."

"பயமா இருக்கேல்லையோ?"

"இருந்தது. ஆனா அவ கண்ணெடுக்காமல் என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ."

பிள்ளை தப்பிவிட்டாள் என்ற ஆறுதல் இரண்டாவதாகத்தான் வந்தது. அந்தப் பார்வை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற எரிச்சல் முந்திக்கொண்டது. நானாக இருந்தால் அவள் கையை விட்டிருக்கமாட்டேன். இருவரும் சேர்ந்தே புதைந்திருப்போம். அது தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் மதியம் சிஞ்ஞோரா அவளை வாசலில் இறக்கிவிட்டார். கீழே போய் நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். மேலே வந்ததும் டிலானி சாப்பிடாமலே படுத்துத் தூங்கிவிட்டாள். பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் அவள் கன்னமும் மூக்கும் கருகித் தோலுரிந்திருந்தன. கண்ணாடி மறைத்திருந்த இடம் மட்டும் என் நிறம். பக்கத்தில் உட்கார்ந்து கன்னங்களுக்குக் கிரீம் பூசினேன். கண்களைச் சுற்றிப் பூசத் தேவையில்லை. ஆனாலும் அங்கேதான் என் விரல்கள் நெடுநேரம் நின்றன.