விழுவதற்கு ஏற்ற மலை

என் தங்கை குடியேறிய வெளிநாட்டு ஊரான புவாண்ட்-கிளேரில் பனிச்சறுக்குச் சாமான்களை வாடகைக்கு விடும் கடை. என் இடது கால் பூட்ஸுக்குள் போய்விட்டது. திரும்பி வருமா என்று தெரியவில்லை.

நாளைக் காலை கடை வாசலிலிருந்து இரண்டு மலைகளுக்குப் பேருந்து போகிறது. ஒன்று ஒரு மணி நேரத் தூரம், மற்றது இரண்டரை மணி. எந்த மலை என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்கே போனாலும் நான் விழுவது உறுதி. யார் பார்க்க விழுவது என்பதுதான் கவலை. நான் இமயமலை ஏறியவன் என்று தங்கையின் கணவர் இங்குள்ள தமிழர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஏறியது ஜீப்பில் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பூட்ஸ் கொக்கியை இறுக்கும் கடைக்காரப் பெண் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் மெல்லக் கேட்கிறேன்.

"நம்ம ஆளுங்க அதிகம் போகாத மலை எதுங்க?"

"கிட்ட இருக்கிறதுதான் அண்ணை. அங்கை எங்கடை சனம் ஒருத்தரும் இல்லை."

"பக்கத்துல இருக்கு, ஏன் போறதில்ல?"

"விழுந்தா தெரிஞ்ச ஆக்கள் பாப்பினம் எண்டு எல்லாரும் தூர மலைக்குத்தான் போறவை. போன சனிக்கிழமை கோயில் சனம் முழுக்க அங்கைதான் விழுந்து கிடந்தது."

அப்பாடா என்று பக்கத்து மலையைச் சொல்கிறேன். அவர் படிவத்தை நீட்டுகிறார். தங்கியிருக்கும் இடம் என்ற கட்டத்தில் தங்கை கணவரின் பெயரையும் முகவரியையும் எழுதியதும் அவர் முகம் மலர்கிறது.

"இமயமலை ஏறினவர் நீங்களோ? நாளைக்கு எனக்கு லீவு. அப்ப நாங்களும் கிட்ட மலைக்கே வாறம் அண்ணை. பிள்ளையளுக்கு ஒருக்காச் சறுக்கிக் காட்டுங்கோ."

எழுந்து ஓடிவிடலாம் என்று பார்க்கிறேன். பூட்ஸ் கழல மாட்டேன் என்கிறது.