தறித் தெருவில் அண்ணன் கட்டிய சங்கம்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அவரைச் சங்கத்துக்காரர் என்றே அறிவீர்கள். அந்தச் சங்கம் எப்படி இல்லாமல் போனது என்பதைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

அவர் பிறந்தது மல்லசமுத்திரத்தில். கைத்தறியை விட்டுவிட்டு அப்பா எங்களைக் குமாரபாளையத்துக்கு அழைத்துவந்தபோது அவர் பள்ளிப் படிப்பை முடித்திருக்கவில்லை. விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பஞ்சுத் தூசியும் இருமலும் அப்போதே அவரோடு சேர்ந்துகொண்டன. கூடத்து வாசலில் செங்கொடி ஏற்றிச் சங்கம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு அதன் செயலாளர் ஆனார்.

பொதுவுடைமை நூல்களை அவர் ஊன்றிப் படித்தவர். ஆனாலும் முதலாளியை ஒழிப்பது பற்றிக் கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். கூலி பேசும்போது முதலாளிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பார். கட்சியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “நாக்காலியில உக்காந்தா புரட்சி வந்துருமாங்க தோழர்?”

“அது வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா காலு வலிக்குமில்லீங்க” என்றார் அண்ணன்.

சங்கத்தில் ஒரு விதியை அவர்தான் கொண்டுவந்தார். சொந்தத் தறி வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. முதலாளியின் ஆட்கள் உள்ளே நுழைந்துவிடாமல் தடுப்பது நோக்கம். எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

நீண்ட வேலைநிறுத்தம் ஒன்றில் சங்கம் வென்றது. அடுத்த பொங்கலுக்கு முதலாளி இனிப்புப் பெட்டிகளோடு கூடத்துக்கு வந்தார்.

“தறிய உங்க பேர்லயே எடுத்துக்கிட்டுப் போயி ஊட்டுல ஓட்டுங்க. நூலு நான் தாரேன். துணிய எனக்கே குடுத்துருங்க. இனி நீங்களும் முதலாளிதானுங்க.”

அன்று வீட்டுக்கு வந்த அண்ணன் இனிப்பைத் தொடவில்லை. “சண்டைக்கு வந்திருந்தா பயமில்ல அம்மிணி. சிரிச்சுக்கிட்டு வந்திருக்காரு” என்று என்னிடம் சொன்னார்.

முதலில் தறி எடுத்தவர் சங்கத்தின் பொருளாளர் குப்பண்ணன், அண்ணனின் நெடுநாள் நண்பர். எங்கள் வாசலில் நின்று சீண்டினார்: “ஏனப்பா, இத்தன வருசம் முதலாளி முதலாளின்னு திட்டுன. நாமளே ஆனா மட்டும் கசக்குதா?”

“முதலாளிக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. உனக்கு உண்டான்னு பாரு, குப்பா.”

குப்பண்ணன் மறுநாளே விதிப்படி விலகினார். அடுத்தடுத்து மற்றவர்களும் விலகினார்கள். யாரும் சண்டை போடவில்லை; அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனார்கள். விதியைத் திருத்தலாம் என்று சிலர் சொன்னபோது, “முதலாளிக்கு எதுக்குங்க சங்கம்?” என்று அவர் மறுத்துவிட்டார். கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலையில்லாத நிலையில் கடைசியாக அவரும் தறி எடுத்தார். அன்றே சங்கப் பதிவேட்டிலிருந்து தம் பெயரையும் நீக்கினார். அதன்பின் அந்த விதியை மாற்றுவதற்கு உறுப்பினர் எவரும் இல்லை.

பிறகு கூலி குறையத் தொடங்கியது. முதலாளி யாரையும் கூட்டிப் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே தொலைபேசி அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்கு என்ன சொன்னார்கள் என்பது இந்த வீட்டுக்குத் தெரியாது. அண்ணனும் அண்ணியும் மாறி மாறித் தறியில் நின்றார்கள்.

இருமல் முற்றியிருந்த நிலையிலும் அண்ணன் வீடு வீடாகப் போனார். ஒரு நாள் தெரு முழுவதும் தறியை நிறுத்தினால் முதலாளி வந்து பேசியாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். “மத்தவங்க நிறுத்தட்டுங்க. நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?” என்றார்கள். குப்பண்ணனும் அதையே சொன்னார்.

திரும்பி வந்து அண்ணியிடம் சொன்னார்: “விதி போட்டப்ப தறி யாரு பேர்ல இருக்குதுன்னு பாத்தேன். நூலு யாரு கையில இருக்குதுன்னு பாக்கல.”

ஈரோட்டு மருத்துவமனையில் பார்க்க வந்தவர்களிடம் அவர் தம் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. “யாராச்சும் நிறுத்துனாங்களா?” என்று மட்டும் கேட்டார். “பேசிக்கிட்டிருக்காங்க, நீங்க தூங்குங்க” என்று அண்ணி சொல்லிவந்தார். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

எங்கள் தெருவில், இறந்தவரின் உடல் வீட்டைக் கடக்கும்போது தறியை நிறுத்துவது வழக்கம். அண்ணனின் உடல் காவிரிக்கரைக்குப் புறப்பட்டதும் முதல் வீட்டுத் தறி நின்றது. நாங்கள் கடந்ததும் அது மறுபடி ஓடத் தொடங்க, அடுத்த வீட்டுத் தறி நின்றது. முன்னாலும் பின்னாலும் தறிச் சத்தம். நடுவில் ஒரு வீட்டளவு அமைதி அவரோடு நகர்ந்துகொண்டிருந்தது. பெண்கள் திரும்ப வேண்டிய தெருமுனையில் நான் நின்று பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், தோள்கொடுத்துச் சுமந்த குப்பண்ணனுக்கும் மற்றத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் கடந்து போகும் வரை தறியை நிறுத்திவைத்த எங்கள் தெருவினருக்கும் நன்றி. ஒரு வீடு விடாமல் எல்லோரும் நிறுத்தினீர்கள்.