மாமா திருப்பி அனுப்பிய வண்டி

மாமாவின் தோளில் எப்போதும் ஒரு சிவப்பு ஒயர்ச் சுருள் தொங்கும். சுண்டுவிரல் கனம் இருக்கும். என் அக்காவைக் கட்டிக்கொண்ட பிறகு, திருப்பதியில் கார்களுக்குப் பாட்டு செட் பொருத்தும் கடை வைத்தார். கடனில் வண்டி வாங்குவது சுலபமாகிவிட்ட காலம் அது. மலைக்கு ஆள் ஏற்றும் வேன்காரர்கள்கூட ஒரு ஆம்ப்ளிஃபையர் போதாது என்று இரண்டு, மூன்று கேட்பார்கள்.

மாமா அவசரப்பட மாட்டார். மொத்தச் சுமையையும் தாங்குகிற கனத்தில் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பின்னால் அது பிரிகிற இடத்தில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கும் தனி ஃபியூஸ். தகட்டுத் துளையில் ஒயர் உரசாமல் இருக்க ரப்பர் வளையம். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகுதான் போல்ட்டை முடுக்குவார். “ஃபியூஸ் செட்டுக்கு இல்லம்மா, ஒயர் எரியாம இருக்கத்தான்” என்பார் என்னிடம்.

என் அண்ணன் சித்தூரில் ஒரு கான்ட்ராக்டரின் ஜீப்பை ஓட்டினான். ஒருநாள் ஓனரோடு கடைக்கு வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். ஓனர் மகளுக்குக் கல்யாணம். இருக்கிற ஒயரிலேயே இன்னும் இரண்டு ஆம்ப்ளிஃபையரைச் சேர்த்துவிடச் சொன்னார். அந்த ஒயர் தாங்காது, மாற்றித் தர ஒரு நாளாகும் என்றார் மாமா.

“ரேப்பு காது, ஈரோஜே காவாலி” என்றார் ஓனர். நாளைக்கு வேண்டாமாம், இன்றைக்கே வேண்டுமாம்.

“அப்ப என்னால ஆவாதுங்க.”

அண்ணன் சங்கடமாகச் சிரித்தான். “வரேன் மாமா” என்று வண்டியை எடுத்தான்.

வேறு யாரோ சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், ஃபியூஸே வைக்காமல். ஓனர் திருப்பதியிலேயே தங்கிவிட, அண்ணன் மட்டும் சித்தூருக்குத் திரும்பினான். புத்தலப்பட்டு தாண்டியதும் காலடியில் புகை வந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து, எரிகிற ஒயரை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்திருக்கிறான். உயிர் பிழைத்தான். ஆனால் தோல் இறுகி, விரல்கள் மடங்காமல் போயின. அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

மாமா மதியமே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். சோற்றைப் பிசைந்து, “துன்னு மச்சான்” என்று ஊட்டுவார். ஒருநாள் அண்ணன் சொன்னான்: “நீ செய்யமாட்டேன்னது சரிதான் மாமா. இன்னாத்துக்கு இப்டி உருகிக்கினு இருக்க?”

“செய்யமாட்டேன்னது சரிதான் மச்சான். உன்ன அந்த வண்டில போவவுட்டனே.”

ஓனரின் வண்டியில் ஓனர் சொன்னபடி போன டிரைவரை யாரால் நிறுத்தியிருக்க முடியும்? அம்மா சொன்னாள், அக்கா சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. அந்த வருடமே கடையை விட்டுவிட்டு, ஒரு வீட்டுக்கு டிரைவராகக் குவைத்துக்குப் போனார். லீவில் வந்தபோதுகூட யாருடைய வண்டியிலும் ஒரு ஒயரைத் தொடவில்லை.

குவைத்திலேயே நெஞ்சுவலியில் இறந்துபோனார். பெட்டி சென்னைக்கு வந்து, அங்கிருந்து சித்தூருக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் முடித்ததும், ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். அண்ணன் முறை வந்தது. குனிந்து அள்ளினான். விரல்கள் மடங்கவில்லை, மண் வழிந்துவிட்டது. மறுபடியும் அள்ளினான். நான் என் கையிலிருந்த மண்ணை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு மண்மேட்டின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளாலும் அணைத்து, மண்ணைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை.